நாய் சோர்ந்து படுத்தே கிடக்கிறது, மூக்கில் ரத்தம் வந்தது: வெயில்தானா, வேறு ஏதாவதா?

சாத்தூர்_ராஜா:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் ஒரு சிப்பிப்பாறை இருக்கிறது, ஆண், நான்கு வயது முடிந்து ஐந்து நடக்கிறது, பெயர் வேலு. போன வாரக் கடைசியிலிருந்து ஆள் சரியில்லை. சாப்பாடு அடியோடு நிற்கவில்லை, கறி போட்டால் தின்கிறான், வெறும் சோறு என்றால் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறான். என் வண்டிச் சத்தம் தெருமுனையில் வரும்போதே வாசலுக்குப் பாய்கிறவன், இப்போது படுத்த இடத்திலிருந்தே வாலை இரண்டு ஆட்டு ஆட்டுவதோடு சரி. இந்த இனமே ஒல்லி, விலா எலும்பு எப்போதும் தெரியும், அதனால் மெலிந்திருக்கிறானா என்றும் பிடிபடவில்லை.

நேற்று இரவு தும்மினான், தரையில் சில சொட்டு ரத்தம். ஒரு பக்க மூக்கிலிருந்துதான். துடைத்துவிட்டேன், அப்புறம் வரவில்லை. அம்மா “வெயில் சூடு, மோர் ஊற்று” என்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன் பாராசிட்டமால் அரை மாத்திரை போடச் சொல்கிறார். எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, அம்மா சொல்வது சரியாகவும் இருக்கலாம். சித்திரையில் உண்ணி நிறைய இருந்தது, பிடுங்கிப் போட்டோம், இப்போது காதுக்குள் மட்டும் சில இருக்கின்றன.

இது பொறுத்துப் பார்க்கலாமா, உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா? அப்புறம் பொதுவாகவே நாய்க்கு உடம்பு சரியில்லை என்பதை நீங்கள் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? நான் மூக்கு ஈரமாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பேன். அது ஈரமாகத்தான் இருக்கிறது.

நாலுகால்_வீடு:

ராஜா, மோரும் வேண்டாம் மாத்திரையும் வேண்டாம், நாளைக் காலையில் முதல் வேலையாக டாக்டரிடம் கொண்டுபோங்கள். உண்ணி இருந்த நாய், சோர்வு, மூக்கில் ரத்தம், இந்த மூன்றையும் ஒரே பதிவில் படித்தவுடனேயே எனக்கு உண்ணிக் காய்ச்சல் என்றுதான் தோன்றுகிறது. கோவையில் நாங்கள் தெருநாய்களையும் சேர்த்து வளர்க்கிற வீடு, இதை அடிக்கடி பார்க்கிறோம். ரத்தப் பரிசோதனை இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் மூக்கில் ரத்தம் வந்த பிறகு பொறுத்துப் பார்க்கிற கட்டம் தாண்டிவிட்டது.

வெயில் அடி என்றால் நாள் கணக்கில் மெல்ல மெல்ல வராது. மதிய வெயிலில் கட்டிப் போட்டோ, பூட்டிய காருக்குள் விட்டோ, சில நிமிடங்களில், அதிகம் போனால் சில மணி நேரத்தில் வரும். நாக்கைத் தொங்கப் போட்டு நிறுத்தாமல் இளைக்கும், எச்சில் பசையாக ஒழுகும், ஈறு செக்கச் செவேலென்று இருக்கும், தள்ளாடி விழும். உங்கள் பையன் செய்வது அது இல்லை.

இப்போதே வீட்டில் நீங்கள் பார்க்கக்கூடியது ஒன்று சொல்கிறேன். மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் ஓர் இடத்தை அழுத்தி விட்டால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்துப்போய் இருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது அல்லது ரத்த ஓட்டம் சரியில்லை. மஞ்சளாக இருந்தால் கல்லீரல் தொல்லையாகவோ ரத்த அணுக்கள் உடைவதாகவோ இருக்கும். நீலம் பாய்ந்திருந்தால் மூச்சில் கோளாறு, அப்போது காலை வரை காத்திருக்கவே கூடாது. சில நாய்களுக்கு ஈறே கறுப்பாக இருக்கும், அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள், அங்கே தெரிந்துவிடும்.

மூக்கு ஈரம் என்பது ஒன்றுமே சொல்லாது. தூங்கி எழுந்த நாய்க்கு நல்ல உடம்பிலும் மூக்கு காய்ந்திருக்கும், 104 டிகிரி காய்ச்சலிலும் சில நாய்க்கு மூக்கு ஈரமாக இருக்கும். மெடிக்கலில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, அதில் நாயின் பெயரை மார்க்கரில் எழுதி (இது முக்கியம், வீட்டில் யாராவது எடுத்து வாயில் வைத்துவிடுவார்கள்), நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி, வாலைத் தூக்கி ஆசனவாயில் ஓர் அங்குலம் உள்ளே வைத்தால் போதும். நாய்க்கு இயல்பே 101 முதல் 102.5 வரை, அதனால் நம் கணக்கில் காய்ச்சல் என்று பதறாதீர்கள். 103 தாண்டினால் காய்ச்சல். 106 என்றால் எந்த நேரமானாலும் கிளம்ப வேண்டியதுதான்.

கரிசல்காட்டான்:

தம்பி, நானும் உங்கள் பக்கத்துக்காரன்தான், எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கன்னி, சிப்பிப்பாறை இரண்டு இன நாய்களும் உண்டு. இந்தக் காலத்தில் நாய் ஒருவேளை சாப்பிடாவிட்டாலே காரில் ஏற்றி ஊசி போடப் போய்விடுகிறார்கள். வேட்டை நாய் வயிறு சரியில்லை என்றால் தானே பட்டினி கிடக்கும், புல்லைத் தின்று கக்கிவிட்டு மறுநாள் எழுந்து ஓடும். அதற்குத் தெரியும். எடுத்ததற்கெல்லாம் டாக்டர் என்றால் நாய் வளர்க்கவே முடியாது.

ஆனால் ஒன்று, எங்கள் அப்பா சாப்பாட்டை வைத்து முடிவு செய்ய மாட்டார், நாய் படுக்கிற இடத்தைத்தான் பார்ப்பார். வழக்கமாகத் திண்ணையில் படுக்கிற நாய் கட்டிலுக்கு அடியிலோ, மாட்டுக் கொட்டகை மூலையிலோ போய் ஒதுங்கிப் படுத்தால் அதற்கு உள்ளே ஏதோ வலி இருக்கிறது என்பார். முதுகை வளைத்து நிற்பது, உட்காரும்போது இரண்டு மூன்று தரம் இடம் மாற்றுவது, தொட்டால் உறுமாத நாய் உறுமுவது, இதெல்லாம் அவர் பார்க்கிற கணக்கு. மெலிவைக் கேட்டிருக்கிறீர்கள். இந்த இனத்துக்கு விலாவைப் பார்க்காதீர்கள். முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் தடவுங்கள், நல்ல நாய்க்கு அங்கே சதை திரண்டு இருக்கும், நோயாளிக்கு எலும்பு கையில் குத்தும். நெற்றிப்பொட்டுப் பக்கம் குழி விழுந்திருந்தாலும் மெலிவுதான்.

மூக்கு ரத்தத்துக்கு பப்பாளி இலைச்சாறு கொடுத்துப் பாருங்கள். டெங்குவுக்குக் கொடுக்கிறார்களே, இதற்கும் கேட்கும்.

வெட்_இறுதியாண்டு:

நான் கால்நடை மருத்துவம் இறுதி ஆண்டு படிக்கிறேன், இன்னும் டாக்டர் இல்லை, அதனால் நான் எழுதுவதைப் பார்த்து யாரும் மருந்து வாங்க வேண்டாம், என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள மட்டும்.

கரிசல்காட்டான் ஐயா சொன்னதில் படுக்கிற இடம், முதுகு, தடவிப் பார்ப்பது எல்லாம் நூற்றுக்கு நூறு சரி, எங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுப்பதும் அதையேதான், நாய் வலியை மறைக்கும் என்றுதான் ஆரம்பிப்பார்கள். புல் தின்பதும் பெரும்பாலும் நோய் இல்லை. வளர்ந்த நாய் நன்றாக ஓடியாடிக்கொண்டு ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தால் நாங்களும் பார்க்கலாம் என்றுதான் சொல்வோம். சோர்வும் சேர்ந்து வந்தால் கணக்கு மாறிவிடுகிறது. பப்பாளி இலைக்கு மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், ஐயா மன்னிக்கவும். ரத்தத் தட்டணு (ரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட்) குறைவது விளைவுதான். அதைக் குறைக்கிற கிருமி ரத்த அணுக்குள் உட்கார்ந்திருக்கிறது, அதை அந்தச் சாறு கொல்லாது. ஏற்கெனவே குமட்டலில் இருக்கிற நாய்க்கு அந்தக் கசப்பைப் புகட்டினால் வாந்தி எடுத்து இன்னும் துவண்டுபோகும்.

உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்வது ஒரே நோய் இல்லை. நம் ஊரில் வீட்டு நாய்களில் அதிகம் ஏறுவது பழுப்பு நிற நாய் உண்ணி. அது கடிக்கும்போது எர்லிக்கியா என்கிற பாக்டீரியாவையும் பேபிசியா என்கிற ஒட்டுண்ணியையும் ஏற்றிவிடும், சில நாய்க்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். எர்லிக்கியா வெள்ளை அணுக்களுக்குள் போய்த் தங்கும், தட்டணுக்கள் அழியும், அதனால்தான் மூக்கில் ரத்தம், ஈறில் ரத்தப் புள்ளி, சில சமயம் மலத்தில் கறுப்பாக ரத்தம். பேபிசியா சிவப்பணுக்களை உடைக்கும், அதனால் ஈறு வெளுக்கும், மஞ்சளாகும், சிறுநீர் காபி டிகாஷன் நிறத்தில் வரும்.

ஏமாற்றுவது இதன் நடுக்கட்டம்தான். உண்ணி கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு, கழுத்திலும் முழங்காலுக்குப் பின்னாலும் நெறி கட்டுவது எல்லாம் வரும். சில நாய்க்கு இது தானாகவே அடங்கிவிடும், வீட்டில் எல்லோரும் சூடு தணிந்துவிட்டது என்று நினைப்பார்கள். கிருமி போயிருக்காது. மாதக்கணக்கில், சில நாய்க்கு வருடக்கணக்கில், வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளேயே இருக்கும். பிறகு எலும்பு மஜ்ஜையைப் பிடித்து மறுபடி வரும்போது காப்பாற்றுவது கஷ்டம். அதனால் “போன வருடமும் இப்படித்தான் இருந்தான், தானாகச் சரியானான்” என்று யாராவது சொன்னால் எனக்கு அது ஆறுதலாகவே இருக்காது.

ராஜா அண்ணா, சிப்பிப்பாறைக்கு முடி குட்டை, அதனால் உங்களால் எளிதாகப் பார்க்க முடியும். மல்லாக்கப் படுக்க வைத்து அடிவயிறு, தொடை உள்பக்கம், காதின் உள்மடல் பாருங்கள். ஊசிமுனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா? கொசுக்கடி மாதிரிதான் இருக்கும், விரலால் அழுத்திப் பாருங்கள். கடித்த தடிப்பு அழுத்தினால் வெளுக்கும். தோலுக்கு அடியில் கசிந்த ரத்தம் வெளுக்காது, அப்படியே நிற்கும். கண்ணும் பாருங்கள், கலங்கலாகப் பால் படர்ந்தாற்போல இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பாராசிட்டமால் வேண்டாம் என்று நாலுகால்_வீடு அக்கா ஏற்கெனவே சொல்லிவிட்டார், காரணமும் தெரிந்திருப்பது நல்லது. நாயின் எடைக்கு அளவு தாண்டினால் கல்லீரலைத் தாக்கும், சிவப்பணுக்களையும் கெடுக்கும், பூனைக்கு என்றால் ஒரே மாத்திரையில் உயிரே போகலாம். ப்ரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் இவை இன்னும் மோசம், வயிற்றில் புண் போட்டு ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். தட்டணு குறைந்து ஏற்கெனவே ரத்தம் வருகிற நாய்க்கு இதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். (டைக்ளோஃபினாக் போட்டுச் செத்த மாடுகளைத் தின்றுதான் நம் நாட்டில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன, 2006-இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். மெடிக்கலில் மட்டும் இன்றும் கேட்டால் கிடைக்கிறது.)

சாத்தூர்_ராஜா:

உடனே பார்த்தேன். ஈறு வெளிறித்தான் இருக்கிறது, பக்கத்து வீட்டு நாயின் ஈறையும் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தேன், வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. வயிற்றில் புள்ளிகள் இருக்கின்றன, அழுத்தினால் மறையவில்லை. தெர்மாமீட்டர் 103.8 காட்டுகிறது. ஐயா சொன்ன மாதிரி முதுகைத் தடவினேன், எலும்பு குத்துகிறது.

உள்ளூர் மாட்டாஸ்பத்திரியில் காலையில் டாக்டர் இருப்பார், ஆனால் அங்கே ரத்தம் பார்க்கிற வசதி இல்லை. நேராகத் திருநெல்வேலி போய்விடலாமா? கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அடித்தால் வருவார்களா?

நாலுகால்_வீடு:

1962 வண்டி முக்கியமாக ஆடு மாடுகளுக்கு வீட்டு வாசலில் வைத்தியம் பார்க்க, அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். கார் இருந்தால் நேராக ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே போங்கள், ரத்தம், ஸ்கேன் எல்லாம் ஒரே இடத்தில் முடிந்துவிடும். சீக்கிரம் போய்ச் சீட்டுப் போடுங்கள்.

போகிற வழியில் மறக்காமல் செய்ய வேண்டியது, என்றைக்குச் சோர்வு ஆரம்பித்தது, கடைசியாக என்ன தின்றான், எப்போது சிறுநீர் போனான், என்ன நிறம், உண்ணிக்குக் கடைசியாக என்ன மருந்து போட்டீர்கள், தடுப்பூசி எப்போது, இதையெல்லாம் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தரையில் விழுந்த ரத்தத்தை இனிமேல் துடைப்பதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுங்கள், வாந்தி, மலம் எல்லாவற்றுக்கும் இதேதான். டாக்டர் முன்னால் நாய் பயத்தில் விறைத்து நின்று நல்ல பிள்ளையாக நடிக்கும், உங்கள் போனில் இருக்கிற வீடியோதான் உண்மையைச் சொல்லும்.

வெட்_இறுதியாண்டு:

கூடவே ஒன்று. ரத்தத்தை மனிதர்களுக்கான லேபில் கொடுத்து எண்ணிக்கை வாங்கி வருவதை நிறையப் பேர் செய்கிறார்கள். நாயின் அணுக்களுக்கு அந்த மெஷின் அமைக்கப்பட்டிருக்காது, தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டால் எண்ணிக்கை தப்பாகவும் வரும். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ரத்தம் எடுத்த இடத்தை வழக்கத்தைவிட அதிக நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும், அதுவரை அவனைத் துள்ள விடாதீர்கள்.

பெரம்பூர்_ஜிம்மி_அம்மா:

ராஜா நல்லபடியாகப் போய் வாருங்கள். நாய்க்கு உடம்பு சரியில்லை என்பதை எதை வைத்து முடிவு செய்வது என்று நீங்கள் இரண்டாவதாகக் கேட்டதற்கு யாரும் முழுசாகப் பதில் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்ததைப் போடுகிறேன், பெண் நாய் வைத்திருப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

எங்கள் ஜிம்மி, பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், பெண் நாய், லாப்ரடார். திடீரென்று தண்ணீர் அதிகமாகக் குடிக்க ஆரம்பித்தாள். சென்னை வெயில், நாங்களும் குடிக்கிறோம், அவளும் குடிக்கிறாள் என்று யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. என் மாமியார்தான் கவனித்தார், கிண்ணத்தை ஒரு நாளைக்குப் பலமுறை நிரப்ப வேண்டியிருக்கிறது, வீட்டுக்குள் ஒருபோதும் சிறுநீர் போகாதவள் ஹாலிலேயே போகிறாள் என்று. போய் ஸ்கேன் எடுத்தால் கர்ப்பப்பையில் சீழ். கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு, தீட்டு முடிந்து சில வாரங்கள் முதல் இரண்டு மாதம் வரையில் இது வருமாம். சிலருக்குச் சீழ் வெளியே வடியும், அது தெரிந்துவிடும். சிலருக்குக் கர்ப்பப்பை வாய் மூடிக்கொண்டு உள்ளேயே தேங்கும், அதுதான் உயிருக்கு ஆபத்து, வெளியே தெரிவது தண்ணீர்த் தாகமும் சோர்வும் வயிறு கொஞ்சம் உப்பலும் மட்டும்தான். அன்றைக்கே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறாள்.

அதனால் தண்ணீர்க் கிண்ணத்தைக் கவனியுங்கள் என்பதுதான் என் பதில். ஆண் நாயாக இருந்தாலும் தாகம் கூடினால் சர்க்கரை, சிறுநீரகம் என்று ஏதாவது இருக்கும். அளவு தெரிய வேண்டுமானால் காலையில் ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து ஊற்றி, மறுநாள் மிச்சத்தை அளங்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 100 மில்லிக்கு மேல் போனால் சந்தேகப்படச் சொன்னார் எங்கள் டாக்டர், 20 கிலோ நாய்க்கு இரண்டு லிட்டர்.

பக்_பாண்டி:

நான் வயதான பக் இன நாய் வைத்திருக்கிறேன், அதற்கு இதயத்தில் கோளாறு. எனக்கு டாக்டர் சொல்லிக்கொடுத்தது மூச்சு எண்ணுவது. நன்றாகத் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்க வேண்டும். நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும், தொடர்ந்து அதற்கு மேலே போனால் நுரையீரலில் நீர் கோர்க்க ஆரம்பித்திருக்கலாம் என்று போன் செய்யச் சொல்லியிருக்கிறார். ஓடிவிட்டு வந்து இளைக்கும்போது எண்ணிப் பயனில்லை. ராத்திரியில் இருமல், கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தே தூங்குவது, இதெல்லாமும் அதே கதைதான்.

நாலுகால்_வீடு:

ஜிம்மி அம்மா நல்ல விஷயம் சொன்னீர்கள். ராஜா கேட்ட “உடனே ஓட வேண்டியது எது” என்பதற்கு நான் வைத்திருக்கிற கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ராத்திரி இரண்டு மணியானாலும் நான் கிளம்புவது இவற்றுக்குத்தான்.

ராஜபாளையம், கிரேட் டேன், டாபர்மேன் மாதிரி நெஞ்சு ஆழமான பெரிய நாய், வயிறு உப்பி, வாந்தி எடுக்க முக்கி முக்கி ஒன்றும் வராமல் நுரை மட்டும் வந்தால், இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதற்குச் சில மணி நேரம்தான் அவகாசம், சீரகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தால் போய்ச் சேர்ந்துவிடும். ஆண் நாய் காலைத் தூக்கித் தூக்கி நின்றும் சிறுநீர் சொட்டுக்கூட வராவிட்டால் அடைப்பு. வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காமல் போனால், அல்லது ஒன்று முடிந்து உடனே இன்னொன்று வந்தால். குட்டிக்கு வாந்தியும், நாற்றமடிக்கிற ரத்தப் பேதியும் சேர்ந்து வந்தால் பார்வோ வைரஸ் நோயாக இருக்கலாம், அதற்கு அரை நாள்கூடக் கொடுக்க மாட்டேன், குட்டி உடம்பில் தண்ணீர் வற்றுவது அவ்வளவு வேகம். எலி மருந்து தின்றது தெரிந்தால் நாய் நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் கிளம்ப வேண்டும், சில எலி மருந்துக்கு ரத்தக் கசிவு சில நாள் கழித்துத்தான் ஆரம்பிக்கும்.

மழைக்காலத்தில் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். எலி நடமாடுகிற இடத்தில் தேங்கின தண்ணீரைக் குடித்த நாய்க்குக் காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சள் என்று வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அது நமக்கும் தொற்றும், சிறுநீரைச் சுத்தம் செய்யும்போது கையுறை போடுங்கள்.

சாத்தூர்_ராஜா:

திருநெல்வேலி போய் வந்துவிட்டோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், தகட்டிலேயே எர்லிக்கியா தெரிந்ததாம். பிளேட்லெட் 38 ஆயிரம், குறைந்தது இரண்டு லட்சமாவது இருக்க வேண்டும் என்றார் டாக்டர். ஹீமோகுளோபின் 8. இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் வேறு நாயிடமிருந்து ரத்தம் ஏற்ற வேண்டியிருந்திருக்கும் என்றார், நாய்க்கும் ரத்தம் ஏற்றுவார்கள் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். டிரிப்ஸ் போட்டு, ஊசி போட்டு, டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாளைக்கு எழுதியிருக்கிறார். வாரம் ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். உங்கள் எல்லோருக்கும் நன்றி. அம்மா மோரை விடுவதாக இல்லை, மாத்திரையைத் தயிர்சாதத்தில் பிசைந்து கொடுக்கட்டுமா என்று கேட்கிறார். வீட்டில் அக்கா குழந்தை இருக்கிறது, அதற்கு ஒட்டுமா என்றும் கேட்கிறார்.

வெட்_இறுதியாண்டு:

தயிர்சாதத்தில் மட்டும் வேண்டாம் அண்ணா. பால், தயிரில் இருக்கிற கால்சியம் அந்த மாத்திரையைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் ஏறுவது குறையும். வெறும் வயிற்றிலும் கொடுக்காதீர்கள், வாந்தி எடுப்பான். கொஞ்சம் கறிச் சோற்றில், வெங்காயம் போடாததாக, உருட்டி உள்ளே வைத்துக் கொடுத்துவிட்டு அதன் மேல் தண்ணீர் குடிக்க வையுங்கள். மாத்திரை தொண்டைக் குழாயிலேயே ஒட்டிக்கொண்டால் அங்கே புண்ணாகிவிடும். தயிரை வேறு வேளைக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், அம்மாவுக்கும் மனம் கேட்கும்.

இரண்டு மூன்று நாளிலேயே அவன் பழையபடி துள்ளுவான், அங்கேதான் எல்லோரும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். டாக்டர் சொன்ன 28 நாளும் கொடுங்கள். தட்டணு ஏறும் வரை எலும்பு கடிக்கக் கொடுப்பது, மற்ற நாய்களோடு உருண்டு சண்டை போடுவது, முயல் துரத்துவது எல்லாம் நிறுத்தி வையுங்கள், சின்ன அடிக்கும் உள்ளே ரத்தம் கட்டும். ஈறை தினமும் ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள், நிறம் திரும்புவது உங்களுக்கே தெரியும்.

வேலுவிடமிருந்து குழந்தைக்கு நேராக ஒட்டாது, பயப்பட வேண்டாம். உண்ணியைத்தான் வீட்டுக்குள் விடக்கூடாது.

சாத்தூர்_ராஜா:

அந்த உண்ணிதான் இப்போது பிரச்சினை. அவன் மேல் போட டாக்டர் மருந்து கொடுத்துவிட்டார், ஆனால் அவன் படுக்கிற திண்ணைச் சுவர் வெடிப்பில் குட்டி குட்டியாக ஏறுவதை இன்றைக்குத்தான் பார்த்தேன். சுவரை என்ன செய்வது?

கரிசல்காட்டான்:

பிழைத்தான் உங்கள் வேலு, சந்தோஷம். பப்பாளி இலையை நான் வாபஸ் வாங்கிக்கொள்ளவில்லை, ஆனால் டாக்டர் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

சுவருக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு பெட்டை உண்ணி ரத்தம் குடித்து வீங்கினதும் கீழே இறங்கிச் சுவர் வெடிப்பில், கட்டில் சந்தில், சாக்குக்கு அடியில் போய் ஆயிரக்கணக்கில் முட்டை போடும், அதனால் நாயை மட்டும் சுத்தம் செய்து பிரயோசனம் இல்லை. முதலில் அவன் படுக்கிற சாக்கைக் கொளுத்திவிடுங்கள், புதுத் துணி போட்டு வாரம் ஒருமுறை கொதிக்கிற தண்ணீரில் அலசுங்கள். வெடிப்பையெல்லாம் சிமெண்ட் பால் ஊற்றி அடைத்து, மேலே சுண்ணாம்பு அடியுங்கள். மருந்து அடிக்க வேண்டுமானால் டாக்டரிடமே கேட்டு வாங்கி, அவனையும் குழந்தையையும் வேறு இடத்துக்கு மாற்றி, நன்றாகக் காய்ந்த பிறகு கூட்டி வாருங்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை, ஏனென்றால் முட்டைக்கு மருந்து ஏறாது, பொரித்து வந்த பிறகுதான் சாகும். பிடுங்கின உண்ணியை விரலில் நசுக்காதீர்கள். சிமிட்டாவால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீர் டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். கால் விரல் இடுக்கைப் பார்த்தீர்களா? காதை மட்டும்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

சாத்தூர்_ராஜா:

இப்போதுதான் பார்த்தேன் ஐயா. முன்னங்கால் இரண்டிலும் இருக்கிறது. சிமிட்டா எடுத்துவிட்டேன், நாளைக்குக் கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன்.